அரசே எழுதவைத்த குண்டுவீச்சு வரலாறுகள்: படிக்கலாமா, ஒதுக்கலாமா?

வெள்ளிவீதி எழுதியது:

போன வாரம் வேறோர் இழையில் ஒரு நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அரசாங்கமே ஆள் வைத்து எழுதவைத்த போர் வரலாறு விளம்பரத்துக்குச் சமம், அதைப் படிப்பது நேரக்கேடு என்றார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் போர்முனையைத் தாண்டிப் போய் எதிரி நாட்டின் ஆலை, எண்ணெய், ரயில், நகரம் என்று வானிலிருந்து அடித்தார்கள் அல்லவா, அந்த வியூகக் குண்டுவீச்சைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிரிட்டன் அரசு அதற்கென்று ஒரு வரலாறு எழுதவைத்தது. எழுதியவர்கள் இருவர். சர் சார்ல்ஸ் வெப்ஸ்டர் மூத்த வரலாற்றுப் பேராசிரியர். நோபிள் ஃபிராங்க்லேண்ட் இளையவர். போர்க்காலத்தில் பிரிட்டன் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் நேவிகேட்டராக, அதாவது விமானத்துக்கு வழி கணிப்பவராகப் பறந்தவர். நான்கு தொகுதிகள், வெளிவந்தது 1961-இல். வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் வெப்ஸ்டர் இறந்துபோனார். புத்தகத்தின் மேல் விழுந்த அடியையெல்லாம் ஃபிராங்க்லேண்ட் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

நான்காம் தொகுதி முழுக்கப் பின்னிணைப்புதான். பழைய புத்தகக் கடையில் அது மட்டும் தனியாகக் கிடைத்து, மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான்கில் உயிர்நாடியே அதுதான் என்று. அதில் பட் அறிக்கை முழுதாக அச்சாகியிருக்கிறது.

பட் என்பவர் போர் அமைச்சரவைச் செயலகத்தில் இருந்த அதிகாரி. சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். 1941 ஜூன், ஜூலையில் குண்டு போடும்போதே விமானங்கள் எடுத்த 600-க்கும் மேற்பட்ட இரவுப் படங்கள் இருந்தன. அவற்றை விமானிகள் திரும்பிவந்து சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஆகஸ்ட் 18 தேதியிட்டு அறிக்கை வந்தது. இலக்கை அடித்தோம் என்று பதிவானவற்றில் மூன்றில் ஒரு விமானம்தான் இலக்குக்கு 5 மைல் தூரத்துக்குள்ளேயே போயிருக்கிறது. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. முழுநிலவு இரவில் ஐந்தில் இரண்டு. அமாவாசையை ஒட்டி என்றால் பதினைந்தில் ஒன்று.

5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். மீனாட்சி கோயிலைக் குறிவைத்தவன் திருப்பரங்குன்றத்தில் போட்டுவிட்டு வந்தாலும் இந்தக் கணக்கில் அது 'இலக்கில்' விழுந்த குண்டு. அதையும் செய்ய முடியாமல்தான் மூன்றில் இரண்டு பேர் திரும்பியிருக்கிறார்கள்.

இதை அச்சிட்டது யார்? எதிர்க்கட்சியா, எதிரி நாடா? அரசு அச்சகம். விளம்பரம் இப்படியா இருக்கும்?

---

ஈரநிலம் எழுதியது:

அந்த ஒரு வரியை எழுதியது நான்தான். கோபம் வந்திருந்தால் வரட்டும், என் கருத்தில் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் பட் அறிக்கை 1941-இல் எழுதப்பட்டது. மக்களுக்குத் தெரிந்தது 1961-இல். நடுவில் 20 வருடம். அந்த 20 வருடத்தில் போர் முடிந்து, செத்தவர்களைப் புதைத்து, கேள்வி கேட்கவேண்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. உண்மை எப்போது சொன்னால் யாருக்கும் சேதமில்லையோ, அப்போது சொல்வது அரசுகளுக்குக் கைவந்த கலை. இன்னொன்று: அந்த அறிக்கை வந்த பிறகு என்ன செய்தார்கள்? குறி தப்புகிறது, நிறுத்துவோம் என்றா முடிவெடுத்தார்கள்? ஆலையைக் குறிவைக்க முடியவில்லை, நகரத்தையே குறிவைப்போம் என்று முடிவெடுத்தார்கள். 1942 பிப்ரவரி 14 உத்தரவு அதுதானே?

---

வெள்ளிவீதி எழுதியது:

ஆமாம், அதுதான். எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மனவுறுதியைக் குலைப்பதே இனி முதன்மை நோக்கம் என்று அந்த உத்தரவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆர்தர் ஹாரிஸ் பாம்பர் கமாண்டின் தளபதியாகப் பொறுப்பேற்றது அதற்குச் சில நாள் கழித்து. நகரக் குண்டுவீச்சுக் கொள்கையை ஹாரிஸ்தான் உண்டாக்கினார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். உத்தரவு அவருக்கு முன்பே வந்துவிட்டது. இதுவும் அதே நான்காம் தொகுதியில் சொல்மாறாமல் இருக்கிறது. நீங்கள் குற்றச்சாட்டாக வைக்கும் ஆவணத்தையே உங்கள் கையில் கொடுத்தது அந்தப் புத்தகம்தான் நண்பரே.

20 வருடத் தாமதம் பற்றிச் சொன்னது நியாயம். அதை மறுக்கமாட்டேன். ஆனால் அரசு தானாக மனமிரங்கிக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துப் படியைப் பார்த்த வான்படை அமைச்சகத்தில் கடும் ஆட்சேபம் கிளம்பியது. வெளிவந்ததும் பத்திரிகைகள் பாய்ந்தன. குண்டுவீச்சு வீண் செலவு என்று புத்தகம் சொல்வதாகத் தலைப்புப் போட்டார்கள். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 1944 வசந்தம் வரை நகரங்களை எரித்ததால் ஜெர்மனியின் போர் உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை. கடைசி ஆண்டில், அதுவும் நெடுந்தூரப் போர்விமானங்கள் வந்து வானத்தைக் கைப்பற்றிய பிறகு, எண்ணெயையும் போக்குவரத்தையும் அடித்ததுதான் தீர்மானமான பலன் தந்தது. அவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

பாம்பர் கமாண்டில் 55,573 பேர் இறந்தார்கள். பறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதி. ஃபிராங்க்லேண்ட் அவர்களோடு ஒருவராக இரவில் பறந்துவிட்டு, பிறகு உட்கார்ந்து, நாங்கள் செய்ததில் இன்னின்னது பலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். உயிர்பிழைத்த தோழர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

---

தணிக்கை எழுதியது:

வணக்கம். 35 வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வுபெற்றவன். போர் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் கணக்கை யார் எழுதினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று பார்க்கத் தெரியும். அமெரிக்கர்களின் ஆய்வறிக்கைகளை ஓய்வில் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் நுழைகிறேன்.

1944 நவம்பரில், போர் முடியும் முன்பே, அமெரிக்க வியூகக் குண்டுவீச்சு ஆய்வு என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். தலைவர் ஃபிராங்க்ளின் டோலியர், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைவர். அவருக்குக் கீழே ஜான் கென்னத் கால்பிரெய்த், ஜார்ஜ் பால், பால் நிட்ஸே போன்றவர்கள். சுமார் 300 சிவிலியன்கள், 350 அதிகாரிகள், 500 படைவீரர்கள். படை முன்னேற முன்னேறப் பின்னாலேயே போய், இடிந்த ஆலைக்குள் புகுந்து, பேரேடுகளை எடுத்தார்கள். ஐரோப்பாவுக்கு மட்டும் 200-க்கும் மேற்பட்ட அறிக்கைகள்.

என் தொழிலில் இதை 'இடத்துக்கே போய்ச் சரிபார்த்தல்' என்போம். ஸ்டோர் கணக்கில் ஆயிரம் மூட்டை என்று இருந்தால் போய் எண்ணிப் பார்ப்பது. லாயனா செயற்கை எண்ணெய் ஆலைக்கு அவர்கள் எழுதிய கணக்கைப் பாருங்கள். 22 தாக்குதல்கள். 6,552 விமானப் பறப்புகள். 18,328 டன் குண்டு. ஒரு வருடம் ஆயிற்று. முதல் தாக்குதல் முதல் போர் முடியும்வரை ஆலை சராசரியாக 9 விழுக்காடு திறனில்தான் ஓடியது. அடித்த மறுநாளே ஆள்படையைக் கூட்டிச் செப்பனிட்டிருக்கிறார்கள், மறுபடி அடி, மறுபடி செப்பனிடல். ஜெர்மனி முழுவதற்கும் செயற்கை ஆலைகளின் விமானப் பெட்ரோல் 1944 ஏப்ரலில் 1,75,000 டன். ஜூலையில் 30,000. செப்டம்பரில் 5,000. விமானம் இருக்கிறது, ஓட்டப் பெட்ரோல் இல்லை, புதிய விமானிக்குப் பயிற்சி கொடுக்கவும் இல்லை.

அதே கூட்டம் பால் பேரிங் ஆலைகளைப் பற்றி என்ன எழுதியது தெரியுமா? ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1943 அக்டோபர் 14-இல் ஒரே நாளில் 60 அமெரிக்க விமானங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். அவ்வளவு உயிர் கொடுத்து அடித்த அந்தத் தொழிலைப் பற்றி, முக்கியமான போர் உற்பத்தியில் அளக்கக்கூடிய பாதிப்பு எதற்கும் சான்றில்லை என்று எழுதிவைத்தார்கள். குறிபார்த்துப் போட்ட குண்டுகளில் இலக்கைச் சுற்றி 1,000 அடிக்குள் விழுந்தது சுமார் 20 விழுக்காடுதான் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று தெரிந்தும் எழுதிய தணிக்கையாளனை நான் மதிக்கிறேன்.

---

ஈரநிலம் எழுதியது:

தணிக்கை ஐயா, அந்தத் தணிக்கையைக் கேட்டது யார்? அமெரிக்கத் தரைப்படையின் கீழ் இருந்த வான்படை. அதற்கு என்ன வேண்டும்? தனிப் படையாகப் பிரிய வேண்டும். 1947 செப்டம்பரில் பிரிந்தும் விட்டது. அதற்கான ஆதாரக் கட்டுதான் இந்த ஆய்வு. ஐரோப்பா பற்றிய சுருக்க அறிக்கையின் முடிவு வரி, மேற்கு ஐரோப்பியப் போரில் நேசநாட்டு வான்படை தீர்மானகரமானது என்கிறது. கால்பிரெய்த் பிரிவு எழுதிய பொருளாதார அறிக்கையில் இருப்பதோ, ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1942 தொடக்கத்தை 100 என்று வைத்தால் 1944 ஜூலையில் 322 என்று. அடிக்க அடிக்க மூன்று மடங்கு. ஒரே அமைப்பு, ஒரே வருடம், இரண்டு குரல். மக்கள் கைக்குப் போனது சுருக்கம். எண் உள்ளே கிடந்தது.

---

தணிக்கை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. (அம்மாவா ஐயாவா தெரியவில்லை, தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

யார் கேட்டார்கள் என்பதில் நீங்கள் சொல்வது சரி. சுருக்க அறிக்கையின் சொற்களுக்காக கால்பிரெய்த்தும் வான்படை ஜெனரல் ஆர்வில் ஆண்டர்சனும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ஆனால் 322 என்ற எண்ணை வைத்து, குண்டு வீண் என்று நீங்கள் முடிப்பதும் சுருக்கத்தை மட்டும் படிப்பதுதான். அடிப்படை ஆண்டு எது என்று முதலில் பாருங்கள். 1942 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி தாழ்ந்துதான் இருந்தது. கீழே இருந்து தொடங்கினால் எந்தக் கோடும் செங்குத்தாகத்தான் ஏறும். ஆடம் டூஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 2006-இல் காட்டியது இது: 1943 மார்ச் முதல் ஜூலை வரை ரூர் பகுதியைத் தொடர்ந்து அடித்தபோது எஃகு உற்பத்தி சரிந்தது, ஏறிக்கொண்டிருந்த உற்பத்திக் குறியீடு 1943 மே முதல் 1944 பிப்ரவரி வரை படுத்துவிட்டது. 100-ஐயும் 322-ஐயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் நடுவில் படுத்த அந்த மாதங்கள் மறைந்துபோகும்.

அது தவிர, எது உற்பத்தி ஆகாமல் போனது என்பது எந்தப் பேரேட்டிலும் இருக்காது. 1944-இல் ஜெர்மனி செய்த பீரங்கிகளில் சுமார் 30 விழுக்காடு வானத்தைப் பார்த்து நின்றன. அவை கிழக்குப் போர்முனைக்குப் போயிருந்தால்? செலவைப் பார்க்கிறோம், தவிர்த்த வரவைப் பார்ப்பதில்லை.

---

சீனக்குடா எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுறன். இந்த இழையை இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

எங்கட ஊருக்கும் இந்தக் கதையில ஒரு பங்கு இருக்கு. 1944 ஆகஸ்ட் 10 இரவு எங்கட சீனக்குடா விமானத்தளத்தில இருந்து 54 பி-29 விமானங்கள் கிளம்பிச்சுது. சுமாத்திராவில பலெம்பாங் எண்ணெய் ஆலைக்கு. போகவர 6,000 கிலோமீட்டருக்கு மேல், நடுவில எங்கயும் இறங்காமல். 39 விமானம்தான் இலக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு எடுத்த படத்தில உறுதியா அழிஞ்சது என்று சொல்லக்கூடியது ஒரேயொரு கட்டடம். ஆற்றில போட்ட கண்ணிவெடிகள்தான் உண்மையில வேலை செய்தது, மூன்று கப்பல் மூழ்கிச்சுது. ஆலையை அடிக்கப் போய் ஆற்றில வென்றிருக்கிறாங்கள். இந்தத் தோல்வியையும் அமெரிக்க வான்படை வரலாறு மறைக்காமல் எழுதியிருக்கு. அந்த வகையில வெள்ளிவீதி அண்ணை சொல்லுறது சரி.

ஆனா ஒன்று சொல்லவேணும். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் எங்கட துறைமுகத்துக்குக் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில மோதி, தாங்கி நாள்கணக்கா எரிஞ்சது. அந்த உருகின இரும்பு இன்றைக்கும் காட்டுக்குள்ள கிடக்கு, பார்த்திருக்கிறன். பிறகு நான் சின்னப்பிள்ளையா இருந்த காலத்தில வேறொரு போர், வேறு விமானங்கள். சத்தம் கேட்டவுடன பங்கருக்குள்ள. அம்மா என்ர காதைப் பொத்துவா, ஆனா வாயைத் திறந்து வைச்சிரு எண்டுவா, அப்பதான் செவிப்பறை கிழியாது. ஒருநாள் குண்டு விழுந்தது கோயில் கிணற்றடியில. தண்ணி அள்ளப் போன இரண்டு பேர். பின்னேரம் றேடியோவில, இலக்கு துல்லியமாத் தாக்கப்பட்டது எண்டு செய்தி.

அதனால பட் எண்ட அந்த மனிசன் படங்களை எடுத்துவைச்சு, நீ சொன்னது பொய் எண்டு தன்ர அரசுக்கே எழுதினான் எண்டதை வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு அடைச்சது. எங்களுக்கு அப்பிடி ஒருத்தன் இருக்கேல்லை.

---

வெள்ளிவீதி எழுதியது:

சீனக்குடா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த இரண்டு பேருக்கு என் வணக்கம்.

நீங்கள் சொன்னதில்தான் என் வாதத்தின் ஓட்டையும் இருக்கிறது. பட் எண்ணியது விமானம் எங்கே போனது என்பதை. குண்டு விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதை அல்ல. அந்த வேலை அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. இந்தத் தொகுதிகள் எல்லாவற்றிலும் மேலிருந்து பார்க்கும் கண் மிகக் கூர்மை. கீழிருந்து பார்ப்பது அரிது.

---

சுமிதா ஆற்றங்கரை எழுதியது:

டோக்கியோவில் நிஷிகசாயில் பத்து வருடமாக இருக்கிறேன். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. ஆனால் பக்கத்து கோட்டோ வார்டில் 1945 மார்ச் 9 இரவு என்ன நடந்தது என்பது இங்கே இருக்கும் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருடம் வரை தெரியாது.

அமெரிக்க வான்படை வரலாறு ஏழு தொகுதி. கிரேவன், கேட் என்ற இரு பேராசிரியர்கள் பதிப்பித்தது, 1948 முதல் 1958 வரை சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ஐந்தாம் தொகுதியில், டோக்கியோமேல் எரிகுண்டு போட்ட அந்த இரவு வருகிறது. 1,665 டன் எரிகுண்டு. 15.8 சதுர மைல் எரிந்தது. இறந்தவர் 83,793, காயம் 40,918. இடிபாட்டிலிருந்து உடல்களை எடுத்துமுடிக்க 25 நாள் ஆனது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். 1666 லண்டன், 1812 மாஸ்கோ, 1871 சிகாகோ, 1906 சான்ஃபிரான்சிஸ்கோ என்று பழைய பெருந்தீக்களை அடுக்கி, எதுவும் இதற்கு ஈடில்லை என்கிறார்கள். மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒப்பீட்டைப் படிக்கும்போது எனக்கு என்னவோ செய்தது. அந்தத் தீக்களில் ஒன்றுகூட மேலிருந்து திட்டமிட்டுப் போட்டதல்லவே.

கோட்டோவில் கிட்டசுனா என்ற இடத்தில் டோக்கியோ வான்தாக்குதல் ஆவண மையம் இருக்கிறது. அரசு கட்டியது அல்ல. சாவோடோமே கட்சுமோட்டோ என்ற எழுத்தாளர், அந்த இரவில் தப்பிய சிறுவன், 1970 முதல் ஆட்களைக் கூட்டிச் சேகரித்ததை வைத்து, பொதுமக்கள் நன்கொடையில் 2002-இல் திறந்தது. உள்ளே எம்-69 எரிகுண்டு வைத்திருக்கிறார்கள். பெரிய குண்டு என்று நினைத்துப் போனேன். ஆறு பட்டை போட்ட இரும்புக் குழாய், நீளம் ஒரு முழம். அவ்வளவுதான். 38 குழாய்களை ஒரு கட்டாகக் கட்டிப் போடுவார்களாம். நடுவானில் கட்டு அவிழ்ந்து சிதறும். கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, கெட்டிப்படுத்திய பெட்ரோலைச் சுவரில் அப்பும். மரமும் காகிதமும் வைத்துக் கட்டிய வீடு. இதற்காக 1943-இல் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய வீடு போலவே கட்டி, பாய் விரித்து, எரித்துச் சோதனை செய்திருக்கிறார்கள்.

அந்தக் குழாயைப் பார்த்த பிறகு 1,665 டன் என்ற எண் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

---

ஈரநிலம் எழுதியது:

இதைத்தான் நான் முதல் நாளே சொல்ல வந்தேன், இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. டன் கணக்கு இருக்கிறது, சதுர மைல் இருக்கிறது. பெயர் இருக்கிறதா?

---

சுமிதா ஆற்றங்கரை எழுதியது:

அரசுத் தொகுதிகளில் இல்லை. அமெரிக்கத் தொகுதியில் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஜப்பான் அரசே குடிமக்களுக்கு அப்படியொரு பெயர்ப் பதிவை நாடு முழுவதற்கும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. படைவீரர்களுக்கு ஓய்வூதியம் உண்டு; வான்தாக்குதலில் கைகால் இழந்த குடிமக்களுக்கு இழப்பீடு கிடையாது. தப்பியவர்கள் 2007-இல் வழக்குப் போட்டார்கள். 2009-இல் தோற்றார்கள், 2013-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். யோகோஅமிச்சோ பூங்கா நினைவு மண்டபத்தில் அந்தத் தாக்குதல்களில் இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சாம்பல், 1923 நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் சாம்பலோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இயற்கை கொன்றதும் மனிதன் கொன்றதும் ஒரே மண்டபத்தில்.

---

தணிக்கை எழுதியது:

ஐந்தாம் தொகுதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதில் ஜனாதிபதி ட்ரூமனின் கடிதம் அப்படியே நிழற்பட நகலாக அச்சாகியிருக்கிறது, 1953 ஜனவரி 12 தேதி. எப்படி வந்தது என்றால், பதிப்பாசிரியர் கேட் ஆவணங்களைப் பார்க்கும்போது அணுகுண்டுக்கான உத்தரவுத் தேதியும் ட்ரூமன் வெளியில் சொல்லிவந்த வரிசையும் பொருந்தவில்லை. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் பிரகடனம் 1945 ஜூலை 26. உத்தரவு அதற்கு முன்பே போய்விட்டது. ஜப்பான் மறுத்த பிறகுதான் உத்தரவிட்டேன் என்றால் தேதி உதைக்கிறதே என்று நேராக ஜனாதிபதிக்கே எழுதிக் கேட்டுவிட்டார் மனிதர். ஒரு பேராசிரியர், நாட்டின் ஜனாதிபதிக்கு.

ட்ரூமன் தன் கைப்பட ஒரு பதில் வரைந்தார். ஜப்பானில் படை இறக்கினால் குறைந்தது கால் மில்லியன் பேர் சேதம் என்று ஜெனரல் மார்ஷல் சொன்னதாக அதில் இருந்தது. ஜனாதிபதி அலுவலக உதவியாளர்கள் அதைத் தட்டச்சுக்கு முன் மாற்றினார்கள். போர் அமைச்சர் ஸ்டிம்சன் ஏற்கெனவே அச்சில் சொல்லிவைத்த மில்லியனோடு ஒத்துப்போக வேண்டும் என்று, 'ஒரு மில்லியன் வரையும் ஆகலாம்' என்பதைச் சேர்த்தார்கள். திருத்திய கடிதம்தான் பேராசிரியர் கேட் கைக்குப் போனது, அதுதான் புத்தகத்தில் ஏறியது. கைப்பட எழுதிய வரைவு பிறகு ஆவணக்காப்பகத்தில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது.

ஈரநிலத்துக்கும் வெள்ளிவீதிக்கும் இரண்டு பேருக்குமே இதில் சான்று இருக்கிறது. கேள்வி கேட்ட வரலாற்றாசிரியன் நேர்மையானவன். அவனுக்குக் கொடுக்கப்பட்ட வவுச்சர் திருத்தியது.

---

வெள்ளிவீதி எழுதியது:

அதே அமெரிக்க ஆய்வு அமைப்பு பசிபிக் போர் பற்றி எழுதிய சுருக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1946 ஜூலையில் வந்தது. அணுகுண்டு போடாவிட்டாலும், ரஷ்யா போரில் இறங்காவிட்டாலும், படையிறக்கம் திட்டமிடப்படாவிட்டாலும் ஜப்பான் 1945 டிசம்பர் 31-க்குள் நிச்சயமாகவும், பெரும்பாலும் நவம்பர் 1-க்கு முன்பும் சரணடைந்திருக்கும் என்று எழுதினார்கள். அணுகுண்டை எதிர்ப்பவர்கள் அரை நூற்றாண்டாக இந்த வரியை மேற்கோள் காட்டுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன். பிறகு ஆய்வாளர்கள் அதே அமைப்பின் விசாரணைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஜப்பானியத் தலைவர்கள் பலர், போர் இன்னும் நீண்டிருக்கும் என்றே சொல்லியிருக்கிறார்கள். முடிவு வரிக்குக் கீழே இருக்கும் சாட்சியம் அந்த வரியைத் தாங்கவில்லை. வழக்கமான குண்டுகளே போதும் என்று காட்டுவதில் ஆய்வை நடத்தியவர்களுக்கு அக்கறை இருந்தது.

எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காக அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மேற்கோள் காட்டுவதில்லை.

ஈரநிலம், பிரிட்டன் பக்கம் உங்களுக்குச் சாதகமான ஒன்றை நானே சொல்கிறேன். அவர்களும் அமெரிக்கர்களைப் போல ஓர் ஆய்வுக் குழு வைத்தார்கள், மிகச் சிறியது. அறிக்கையை முன்னின்று எழுதியவர் சாலி ஜுக்கர்மன். போக்குவரத்தைத்தான் அடிக்க வேண்டும் என்று போர்க்காலத்தில் வாதாடியவரும் அவரே. அறிக்கையின் முடிவு? போக்குவரத்தை அடித்ததுதான் பலித்தது. அது அச்சில் வந்தது 1998-இல். ஹாரிஸ் 1945-இல் எழுதிய இறுதி அறிக்கையும் பூட்டில் கிடந்து 1995-இல்தான் அச்சானது. 50 வருடம்.

---

ஈரநிலம் எழுதியது:

அப்படியென்றால் நாம் இருவரும் எங்கேதான் மாறுபடுகிறோம்?

---

வெள்ளிவீதி எழுதியது:

படிப்பது நேரக்கேடு என்றீர்கள், அங்கேதான். சர்ச்சிலின் 1945 மார்ச் 28 குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டு, பயங்கரத்தைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்களை அடிப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பிரதமரே எழுதினார். வான்படைத் தளபதி போர்ட்டல் கொதித்தார். சர்ச்சில் திரும்பப் பெற்று, ஏப்ரல் 1-இல் மென்மையாக வேறொன்று எழுதினார். இரண்டாவது மட்டும் கோப்பில் தங்கியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மூன்றாம் தொகுதியில் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அரசு எழுதவைத்த வரலாறு என்பதால்தான் மூடிய கோப்பு அவர்கள் கைக்குப் போனது. வெளியாள் அன்று அதைத் தொட்டிருக்க முடியாது.

நீங்கள் அரசைக் குற்றம் சாட்டும்போது கையில் வைத்திருக்கும் தாள்களில் பாதி அவர்கள் எடுத்துக் கொடுத்தவை. அதற்காகவாவது படியுங்கள் என்கிறேன்.

---

ஈரநிலம் எழுதியது:

சரி. நான்காம் தொகுதியிலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் தொடங்கியது போல. முழுதும் படித்த பிறகும் இதே கருத்தில் இருந்தால் இங்கேயே வந்து எழுதுவேன்.

---

சீனக்குடா எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. பி-29 இறங்கவேணும் எண்டு எங்கட தளத்தின்ர ஓடுபாதையை நீட்டினவை எல்லோ. அதுக்கு மண் சுமந்த ஆக்களைப் பற்றி அந்த ஐந்தாம் தொகுதியில ஏதாவது இருக்கோ?

---

வெள்ளிவீதி எழுதியது:

தளம் தயாரானது என்று இருக்கிறது. சுமந்தவர்களைப் பற்றி நான் படித்த பக்கங்களில் ஒரு வரி இல்லை. உங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால் கேட்டு இங்கே எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் சரி.

---

சீனக்குடா எழுதியது:

எங்கட ஒழுங்கையில ஒரு ஆச்சி இருக்கிறா. அவவின்ர அப்பா அந்தத் தளத்தில வேலை செய்தவர் எண்டு சொல்லுவினம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேக்கிறன்.